ஏடுகளைக் காக்கும் பொருளும் பொறுப்பும்



நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு தஞ்சாவூருக்குச் சுற்றுலா சென்றிருந்தேன். பெரிய கோயிலைக் கண்டபின், அரண்மனை வளாகத்துள் அமைந்த சரஸ்வதி மகால் நூல் நிலையத்தின் காட்சிக்கூடத்திற்குச் சென்றோம். கண்ணாடிப் பேழைகளுக்குள் பனையோலைச் சுவடிகளும், வண்ண ஓவியங்கள் தீட்டப்பெற்ற தாளேடுகளும் வைக்கப்பட்டிருந்தன. மாணவர்கள் அவற்றின் வயதைக் கேட்டார்கள். எழுத்தின் நுண்மையைக் கண்டு வியந்தார்கள். ஒரு மாணவன் மட்டும் வேறொரு வினாவை எழுப்பினான். "ஐயா, அரசர்கள் மறைந்து இத்தனை காலம் ஆயிற்றே! இப்போது இவற்றிற்கெல்லாம் யார் பணம் கொடுக்கிறார்கள்?" என்றான்.

"அரசாங்கம் கொடுக்கிறது" என்று உடனே விடையளித்தேன். அவ்விடை பிழையன்று, ஆனால் முழுமையானதும் அன்று. அரசாங்கம் எவ்வாறு கொடுக்கிறது? கொடுத்த பணத்திற்கு யார் கணக்குக் கேட்கிறார்கள்? பணக் கணக்கு நேராக இருந்தால் ஏடுகளும் நலமாக இருக்கின்றன என்று கொள்ளலாமா? இவற்றை அன்று நான் விளக்கவில்லை. அந்தக் கடனை இன்று தீர்க்க முயல்கிறேன்.

முதலில், காக்கப்பட வேண்டிய செல்வம் யாது என்பதை அறிந்துகொள்வோம். சரஸ்வதி மகாலில் ஏறத்தாழ 49,000 சுவடிகள் உள்ளன. அவற்றுள் மிகப்பெரும் பகுதி வடமொழிச் சுவடிகள். தமிழ்ச் சுவடிகள் சுமார் மூவாயிரத்து ஐந்நூறு. மராத்தியும் தெலுங்கும் அவற்றிற்கு அடுத்து நிற்கின்றன. பனையோலையில் எழுதப்பட்டவை பல. காகிதத்தில் எழுதப்பட்டவை பல. இவையன்றி, மராத்திய அரசின் அன்றாட நிருவாகத்தைத் தெரிவிக்கும் மோடி எழுத்து ஆவணங்கள் மூட்டை மூட்டையாக உள்ளன. இரண்டாம் சரபோஜி மன்னர் தம் பயன்பாட்டிற்காக ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த அச்சு நூல்களும் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் பலவற்றில் மன்னர் தம் கையொப்பத்தை இட்டிருக்கிறார்.

இச்செல்வம் ஒருநாளில் சேர்ந்ததன்று. பதினாறாம் நூற்றாண்டிலும் பதினேழாம் நூற்றாண்டிலும் தஞ்சையை ஆண்ட நாயக்க மன்னர்கள் அரண்மனை நூல் நிலையமாக இதனைத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பின்வந்த மராத்திய மன்னர்கள் அதனை வளர்த்தார்கள். அவர்களுள் தலைசிறந்தவர் இரண்டாம் சரபோஜி. 1798ஆம் ஆண்டு அரியணை ஏறிய அவர், 1832ஆம் ஆண்டு மறைந்தார். 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி நாட்டின் ஆட்சி ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்குச் சென்றது. மன்னருக்கு ஆண்டுதோறும் ஓர் இலட்சம் நட்சத்திர வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் கொடுப்பதென முடிவாயிற்று. படையும் நாடும் இழந்த மன்னர், தமக்குக் கிடைத்த தொகையைக் கொண்டு நூல்களை வாங்கினார். பழைய ஏடுகளைப் படியெடுப்பித்தார். 1820ஆம் ஆண்டு தொடங்கிய காசி யாத்திரையின்போதும் சுவடிகளைத் தேடித் தொகுத்தார். ஆகவே, அந்நாளில் அம்மாணவனின் வினாவிற்கு விடை எளிது. பணம் கொடுத்தவரும் அரசர், மேற்பார்த்தவரும் அரசர், படித்தவரும் அரசரே.

இத்தகைய அமைப்பில் ஒரு பெருங்குறை உண்டு. அரசரோடு அதுவும் முடிந்துவிடும். 1855ஆம் ஆண்டு சரபோஜியின் மைந்தர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். கம்பெனியார் அரசையும் அரண்மனைச் சொத்துக்களையும் கைப்பற்றினார்கள். அரசியார் வழக்குத் தொடுத்தார். அது இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அரசின் செயலாக நடைபெற்ற அக்கைப்பற்றுதலை நீதிமன்றம் விசாரிக்க இயலாது என்று 1859ஆம் ஆண்டு தீர்ப்பளிக்கப்பட்டது. பின்னர், 1862ஆம் ஆண்டு, அரசினர் தாமாகவே அச்சொத்துக்களை அரசியரிடம் திருப்பியளித்தனர். அரண்மனைக்குள் இருந்த ஏடுகளின் கதியும் அவ்வழக்கோடு பிணைந்தே இருந்தது. மேசை நாற்காலிகளோடும் ஆடை அணிகளோடும் சேர்த்து எண்ணப்படும் சொத்தாக இருந்தவரை, ஏடுகளுக்கு உறுதியான பாதுகாப்பு இல்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இக்காலத்தை அடுத்து, அரசாங்கத்தின் கண் இந்நூல் நிலையத்தின்மீது விழுந்தது. சென்னை அரசாங்கத்திற்காக, தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னல் என்னும் அறிஞர் வடமொழிச் சுவடிகளை ஆராய்ந்து ஒரு பட்டியல் தொகுத்தார். அது 1880ஆம் ஆண்டு இலண்டனில் அச்சாயிற்று. பின்னாளில் பி.பி.எஸ். சாஸ்திரியார் தயாரித்த விரிவான விளக்க அட்டவணை, 1928ஆம் ஆண்டு முதற்கொண்டு பத்தொன்பது தொகுதிகளாக வெளிவந்தது. கட்டடம் எழுப்புவதோ காவலர் அமர்த்துவதோ அன்று, பட்டியல் இடுவதே அரசினர் செய்த பெரும்பணியாக முதலில் அமைந்தது என்பதை நீங்கள் மனத்தில் கொள்ளல் வேண்டும். இதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

1918ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இந்நூல் நிலையத்தின் வரலாற்றில் ஒரு திருப்பம். மராத்திய அரச குடும்பத்தார் நூல் நிலையத்தைப் பொதுமக்களுக்கு உரிமையாக்கினார்கள். அதன் பராமரிப்பிற்காக ஓர் இலட்சம் ரூபாயை அறக்கட்டளையாகவும் வழங்கினார்கள். அரசினர் அறக்கொடைச் சட்டத்தின்கீழ் அதனை ஏற்று, ஐவர் குழுவொன்றின் நிருவாகத்தில் ஒப்படைத்தார்கள். அன்று முதல் அது அரண்மனையின் உடைமை அன்று, பொதுமக்களின் உடைமை.

ஓர் இலட்சம் ரூபாய் அந்நாளில் பெருந்தொகை. ஆயினும் அறக்கட்டளையின் முதலைத் தொடுதல் கூடாது. வட்டியை மட்டுமே செலவிடலாம். கணக்கு எளிமைக்காக நூற்றுக்கு நான்கு வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குக் கிடைப்பது 4,000 ரூபாய். விலைவாசி நூறாண்டுகளில் எவ்வளவோ உயர்ந்தது. அந்த முதலோ உயரவில்லை. இன்றுள்ள 49,000 சுவடிகளுக்கும் அந்த 4,000 ரூபாயைப் பங்கிட்டுப் பாருங்கள். சுவடி ஒன்றிற்கு ஆண்டுக்கு எட்டுப் பைசாவே கிடைக்கும்! கொடையாளரின் மனம் பெரியது. எனினும் ஒருமுறை கொடுத்த கொடை எக்காலத்திற்கும் போதாது. ஆண்டுதோறும் அரசாங்க மானியம் தேவைப்படுவது இதனாலேயே.

"ஏடுகளை ஒருமுறை அடுக்கி வைத்துவிட்டால் போதாதா? ஆண்டுதோறும் என்ன செலவு?" என்று நீங்கள் கேட்கலாம். பனையோலை உயிருள்ள மரத்திலிருந்து வந்தது. ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் முற்றும் வற்றினால் நொறுங்கும். கவனிப்பார் இல்லையேல் பூச்சி துளைக்கும். ஆகையால் ஒவ்வொரு சுவடியையும் அவிழ்த்து, தூசு போக்கி, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, மீண்டும் கட்டி வைத்தல் வேண்டும். வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துச் சிறு துணிப்பைகளில் கட்டிச் சுவடிகளின் இடையே வைக்கும் வழக்கமும் இந்நூல் நிலையத்தில் இருந்து வந்தது. மணம் குறைந்தால் பொடியை மாற்ற வேண்டும். காகிதச் சுவடிகளுக்கு வேறு முறை. அச்சு நூல்களுக்கு வேறு முறை. இவை முடிந்ததும் மறுபடியும் முதற் சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். வயலுக்குக் களையெடுப்பது போன்ற பணி இது. சென்ற ஆண்டு எடுத்தோம் என்று இவ்வாண்டு வாளா இருத்தல் இயலாது.

பொருளினும் அரிது ஆள். மோடி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் இன்று மிகச் சிலரே. கிரந்த எழுத்தும் பழந்தமிழ் ஏட்டெழுத்தும் அறிந்தவர்களும் குறைந்து வருகின்றனர். புள்ளியும் நெட்டெழுத்துக் குறியும் இல்லாத ஓர் ஓலையைத் தடுமாறாமல் படிப்பதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். அத்தகைய ஒருவர் ஓய்வுபெற்றுச் சென்றபின் அவ்விடத்தைப் பல ஆண்டுகள் நிரப்பாமல் விட்டால், மிச்சமாகும் ஊதியம் கணக்கில் சேமிப்பாகத் தோன்றும். உண்மையில் அது இழப்பு. அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய இளைஞர் கற்காமற் போனதே அவ்விழப்பு.

இனி, அரசாங்கம் எவ்வாறு பொருள் தருகிறது, எவ்வாறு மேற்பார்க்கிறது என்பதைக் காண்போம். ஊர்தோறும் உள்ள பொது நூலகங்களுக்கு நம் மாநிலத்தில் தனி வழி உண்டு. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் பெறப்படுகிறது. அரிய சுவடிகளைக் காக்கும் நிலையங்களின் முறை வேறு. பாட்னாவிலுள்ள குதா பக்ஷ் நூலகத்திற்கென 1969ஆம் ஆண்டிலும், இராம்பூரிலுள்ள ரஸா நூலகத்திற்கென 1975ஆம் ஆண்டிலும் நாடாளுமன்றம் தனித்தனிச் சட்டம் இயற்றியது. அவ்விரண்டும் மத்திய அரசின் மானியத்தால் நடைபெறுகின்றன. அந்தந்த மாநில ஆளுநர் தலைமையில் ஆட்சிக்குழுக்கள் அமைக்கப்பட்டன. சரஸ்வதி மகாலோ 1983ஆம் ஆண்டு அரசாணையால் பழைய ஐவர் குழு நீக்கப்பெற்று, 1986ஆம் ஆண்டு ஒரு சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. மத்திய, மாநில அரசுகளின் பிரதிநிதிகளும், நியமனம் பெற்ற அறிஞர்களும், அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரும் அதில் இடம்பெறுமாறு அமைத்தனர். இவ்வமைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. பணம் தருவோர், பொருளின் அருமை அறிந்தோர், அதனை ஈந்த குடும்பத்தார் ஆகிய மூவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்கின்றனர்.

மானியம் வரும் வழி இது: நிலையத்தார் அடுத்த ஆண்டுக்கு வேண்டிய செலவை மதிப்பிட்டு அனுப்புவர். அரசினர் ஆராய்ந்து ஒரு தொகையை ஒதுக்குவர். ஆண்டு முடிவில், கொடுத்த நோக்கத்திற்காகவே அத்தொகை செலவாயிற்று என்று நிலையத்தார் பயன்பாட்டுச் சான்றிதழ் அளித்தல் வேண்டும். பின்னர்த் தணிக்கையாளர் வந்து கணக்குப் புத்தகங்களையும் பற்றுச்சீட்டுகளையும் ஒப்புநோக்குவார். மக்கள் வரிப்பணம் ஒரு காசும் வீணாதல் கூடாது என்பதே இம்முறையின் நோக்கம். இது வேண்டிய முறையே. ஆனால் இது மட்டும் போதுமா? இதற்கு விடையாக, என் வாழ்வில் நேர்ந்த ஒரு தவற்றை மறையாமல் கூறுகிறேன்.

நான் தலைமைப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், பள்ளி நூலகத்தில் இடநெருக்கடி ஏற்பட்டது. கிழிந்த நூல்களைக் கழித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ஆசிரியர் ஒருவர் பட்டியல் தயாரித்தார், முறைப்படி ஒப்புதல் பெற்றோம், நான் கையொப்பமிட்டேன். நூல்கள் எடைக்கு விற்கப்பட்டன. கிடைத்த சில ரூபாய்கள் வரவில் சேர்ந்தன. அடுத்து வந்த தணிக்கையில் ஒரு தடையும் எழவில்லை. சில ஆண்டுகள் சென்றபின் ஓர் ஆராய்ச்சியாளர் எங்கள் பள்ளியைத் தேடி வந்தார். அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் முற்காலத்தில் பள்ளிக்கு அளித்த, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான ஒரு சித்த மருத்துவ நூலைப் பார்க்க வேண்டும் என்றார். இருப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். நூலின் பெயர் இருந்தது. அதற்கு எதிரே "கழிக்கப்பட்டது" என்றிருந்தது. அதன்கீழ் என் கையொப்பமும் இருந்தது. வந்தவர் ஒன்றும் கூறாமல் பதிவேட்டை மூடி என்னிடம் தந்துவிட்டுச் சென்றார்.

அக்கணக்கில் ஒரு பைசாவும் பிழையில்லை. விதி எதுவும் மீறப்படவில்லை. நூல்தான் இல்லை. பணத்தை மட்டும் எண்ணும் மேற்பார்வை எங்கே தவறும் என்பதை அன்று கற்றேன்.

இத்தவறு நேராதபடி நல்ல விதிகளும் வகுக்கப்பட்டுள்ளன. மத்திய அரசின் பொது நிதி விதிகளில் நூலகங்களுக்கெனத் தனி விதி உண்டு. 2017ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட அவ்விதிகளின்படி, 20,000 நூல்கள் வரை உள்ள நூலகம் ஆண்டுதோறும் தன் நூல்கள் அனைத்தையும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். அதற்கு மேல் 50,000 வரை உள்ளது மூன்றாண்டுகளுக்கு ஒருமுறையேனும் சரிபார்க்க வேண்டும். அதனினும் பெரியது, மூன்றாண்டுகளுக்கு மிகாத இடைவெளியில் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சரிபார்க்கலாம். வாசகர் கையாளும் நூல்களில் ஆயிரத்திற்கு ஐந்து குறைந்தால், அது நேர்மைக் குறைவாலோ கவனக் குறைவாலோ நேராதவிடத்து, இயல்பான இழப்பாகக் கொள்ளப்படும். ஆனால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூல் காணாமற்போனால் கட்டாயம் விசாரணை வேண்டும். அரிய நூலாயின், அதன் விலை எதுவாயினும் விசாரணை வேண்டும். "விலை எதுவாயினும்" என்னும் கருத்தை எண்ணிப் பாருங்கள். நாணயத்தால் அளக்கவொண்ணாத பொருளும் உண்டு என்று நிதி விதியே ஒப்புக்கொள்கிறது!

அவ்விசாரணை நடைபெற வேண்டுமானால், இன்ன நூல் நம்மிடம் இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். பட்டியலின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. நல்ல விளக்க அட்டவணையில் சுவடியின் பெயர் மட்டும் இராது. ஏடுகள் எத்தனை, பக்கத்திற்கு வரிகள் எத்தனை, தொடக்கம் யாது, முடிவு யாது, எந்த ஏடு முறிந்துள்ளது, எங்கே பூச்சி அரித்துள்ளது என்பனவெல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். பள்ளிச் சான்றிதழில் உங்கள் அங்க அடையாளங்களை எழுதுகிறோம் அல்லவா? அதுபோன்றதே இது. அடையாளம் எழுதப்படாத சுவடி தொலைந்தால், அது தொலைந்தது என்பதையே எவரும் அறியார்.

தொலைதல் என்பது வெறுங்கற்பனையன்று. சீகன்பால்கு பாதிரியாரின் தமிழ் மொழிபெயர்ப்பாகத் தரங்கம்பாடியில் 1715ஆம் ஆண்டு அச்சிடப்பெற்ற புதிய ஏற்பாட்டின் படியொன்று சரஸ்வதி மகாலில் இருந்தது. சுவார்ட்ஸ் பாதிரியார் சரபோஜி மன்னருக்கு வழங்கியது என்று கூறப்படும் நூல் அது. 2005ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அது காணாமற் போயிற்று. பதினேழு ஆண்டுகளுக்குப்பின், 2022ஆம் ஆண்டில், அது இலண்டனில் ஒரு நூல் தொகுப்பில் இருப்பதைக் கண்டறிந்ததாகத் தமிழ்நாடு காவல்துறையின் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவினர் அறிவித்தனர். பழஞ்சுவடிகளை உரிய அனுமதியின்றி வெளிநாட்டிற்குக் கொண்டு செல்லுதலை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்குக் குறையாத சிறப்புடைய சுவடியும் அச்சட்டத்தின்படி தொல்பொருளே. ஆயினும், சட்டம் துணைக்கு வருவது இழப்பை நாம் அறிந்தபின்னரே. அதனை உடனே அறிவிப்பது அன்றாட மேற்பார்வை.

இதுவரை கூறியவற்றால், மேற்பார்வையில் மூன்று கணக்குகள் உண்டு என்பது விளங்கும். முதலாவது, பணக் கணக்கு. இதனைத் தணிக்கையாளர் பார்ப்பார். இரண்டாவது, ஏட்டுக் கணக்கு. எத்தனை சுவடிகள் உள்ளன, எந்நிலையில் உள்ளன என்பது. இதனைச் சுவடி அறிந்தோரே பார்த்தல் இயலும். மூன்றாவது, பயன் கணக்கு. எத்தனை பேர் படித்தனர், எத்தனை ஏடுகள் அச்சேறின, எத்தனை படமெடுக்கப்பட்டன என்பது. சரஸ்வதி மகால் நூற்றுக்கணக்கான நூல்களைப் பதிப்பித்துள்ளது. பேழையில் கிடந்த மருத்துவமும் இசையும் சோதிடமும் இலக்கியமும் இப்பதிப்புகளால் மக்களிடம் வந்தன. இக்காலத்தில் மின்னணுப் படமெடுத்து வைக்கும் வசதியும் உண்டு. அது நன்றே, ஆயினும் படம் இருக்கிறது என்று ஏட்டைக் கைவிடுதல், புகைப்படம் இருக்கிறது என்று பாட்டனாரைக் கைவிடுதல் போன்றதாகும்.

இம்மூன்று கணக்குகளுள் முதலாவது ஆண்டுக்குள் முடியும். மற்ற இரண்டும் ஆண்டுக்குள் முடியா. இவ்வாண்டு எண்ணெய் தடவாத சுவடி இவ்வாண்டே அழிந்துவிடாது. ஐம்பது ஆண்டுகள் கழித்து அதனைத் திறப்பவர் கையில்தான் நொறுங்கும். அப்போது இன்றைய அமைச்சரும் இரார், அதிகாரியும் இரார், மானியத்தைக் குறைத்தவரும் இரார். பிழை செய்தோர் ஒருவர், பயனை அனுபவிப்போர் வேறொருவர் என்னும் இந்நிலையே சுவடி நிலையங்களின் தனித் துன்பம். ஆகவேதான், அரசாங்கம் தரும் பொருள் விட்டுவிட்டு வராமல் தொடர்ந்து வருதல் வேண்டும். மேற்பார்ப்போருள் ஏடறிந்தோர் எப்போதும் இருத்தல் வேண்டும். நிலையத்தின் ஆண்டறிக்கை பொதுமக்கள் கண்ணில் படுதல் வேண்டும்.

அன்று அம்மாணவனுக்கு நான் அளித்த விடையை இப்போது திருத்திக் கூறுகிறேன். அரசாங்கம் பணம் கொடுக்கிறது. அரசாங்கத்திற்குப் பணம் கொடுப்பவர்கள் நம் பெற்றோர்கள். கடையில் ஒரு பொருள் வாங்கும் கூலித் தொழிலாளியின் காசும் ஏதோ ஒரு வழியில் அந்த எலுமிச்சைப்புல் எண்ணெய்க்குச் செல்கிறது. ஆதலின், ஏடுகள் நலமாக உள்ளனவா என்று கேட்கும் உரிமை நம் எல்லோருக்கும் உண்டு.

அவ்வுரிமையை நீங்கள் இன்றே செலுத்தத் தொடங்கலாம். உங்கள் பள்ளி அல்லது கல்லூரி நூலகத்திற்குச் சென்று, "இங்குள்ள மிகப் பழைய நூல் எது? அது பதிவேட்டில் இருக்கிறதா?" என்று பணிவோடு கேளுங்கள். இருக்குமாயின் அதனை எடுத்துப் பாருங்கள். அட்டை கிழிந்திருந்தால், அதனைக் கழிவுப் பட்டியலில் சேர்க்குமுன் தமிழறிந்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள். தஞ்சைக்குச் செல்லும்போது காட்சிக்கூடத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், அங்கு வெளியிடப்பெற்ற நூல்களுள் ஒன்றையேனும் வாங்கிப் படியுங்கள். யாரும் கேளாத ஏட்டிற்கு மானியம் கேட்பது எந்த நிருவாகிக்கும் கடினம். நாடிவருவோர் பெருகினால், அவர்களைக் காட்டியே அவர் மானியம் கேட்கலாம்.